கைகாட்டலாம், தொடக்கூடாது

காலையில் போகும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை.
முள்ளோடை வளைவில்
பெட்ரோல் விலை மட்டும் மாறியது.
திரும்பும்போதுதான்
பெண்ணையாற்றுப் பாலம் கடந்து
ஆல்பேட்டைச் சாவடியில் பேருந்து நிற்கிறது.
புதுச்சேரியிலிருந்து வருகிற எந்தப் பையும்
பாட்டில் இல்லை என்று நிரூபித்தாக வேண்டும்.
என்னுடையதைக் காவலர் வெளியிலிருந்தே அழுத்துகிறார்.
கெட்டியாக, உருளையாக ஏதோ.
திறந்து காட்டினேன். அதிர்வுமானி.
"மெஷினுக்கு வைக்கிற ஸ்டெதாஸ்கோப் சார்."
"அதுக்கும் காய்ச்சல் வருமா?" என்று கேட்டுப்
பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனார்.

வரும் சார்.
வந்துதான் இருக்கிறது.

சிப்காட்டில் எங்கள் கம்பெனி மூடிய வருஷம்
நான்காம் நம்பர் கம்ப்ரஸரை
போல்ட் போல்டாகக் கழற்றித்
தார்ப்பாயில் சுற்றி சோஹாருக்கு அனுப்பினார்கள்.
பதினேழு வருடம் அதன் தோளில்
ஸ்க்ரூடிரைவர் முனையை ஊன்றிக்
கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டவள் நான்.
அதனிடம் யாரும் டிகிரி கேட்கவில்லை.
துருப்பிடித்த இடங்களில் அடித்த பெயிண்ட்தான்
அதற்கு அட்டெஸ்டேஷன்.
கப்பலேறிப் போய்விட்டது.

இப்போது அங்கே நடுங்குகிறதாம்.
ஆறு நாள் வந்து பார்க்க முடியுமா என்று
அழைப்புக் கடிதம் வந்தது,
"அன்புள்ள திரு. கோவிந்தராசு" என்று.
பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக ஏறிக்கொண்ட அப்பா.
செம்மண்டலம் தாண்டி வேலைக்குப் போகாதவர்.
ஒன்பது வருடத்துக்கு முன்
கெடிலக்கரையில் சாம்பலானவர்.
எப்படியும் அவருக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும்.

புஸ்ஸி வீதி மாடியில் வக்கீல் மதலேன்
என் காகிதங்களைச் சீட்டுக்கட்டுபோல் பரப்பினார்.
டிப்ளமோ என்றால் டெக்னீஷியன்.
டெக்னீஷியன் அங்கேயே இருக்கிறார்கள்.
கன்சல்டன்ட் என்றால் பட்டம் வேண்டும்,
பட்டத்தின் முதுகில் நாலு முத்திரை வேண்டும்.
அனுபவக் கடிதம் வைத்துப் பேசிப் பார்க்கலாம்,
கடிதம் கொடுக்கக் கம்பெனிதான் இல்லை.
அதன் கேட்டில் இப்போது யாரோ ஆடு கட்டுகிறார்கள்.

"அப்போ பிசினஸ் விசா," என்றார்.
"மீட்டிங்கில் உட்காரலாம். சுற்றிப் பார்க்கலாம்.
இங்கே கோளாறு என்று கைகாட்டலாம்.
தொடக்கூடாது.
தொட்டால் அது வேலை."

"காது வைத்தால்?"

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.
பிளக் போயிருந்தது, உதையிலேயே தெரிந்தது.
"காதைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.
அதிகாரி என்ன நினைப்பாரோ.
எதற்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேளுங்கள்."

இரவு பத்தரைக்கு ரோமெல் கூப்பிடுகிறான்.
செபு தீவுக்காரன். தொடுகிற உரிமை உள்ளவன்.
போனை டிரைவ் எண்ட் பேரிங்கின் மேல் வைக்கிறான்.
மஞ்சக்குப்பத்தில் நான்
ஃபேனை அணைத்து,
கீழ்வீட்டில் தண்ணி மோட்டாரை நிறுத்தச் சொல்லிக்
கண்ணை மூடுகிறேன்.
முதலில் வெறும் இரைச்சல்.
அதற்குள், எண்ணெய் வற்றினால் அது போடும்
அந்தப் பழைய அனத்தல்.
அடையாளம் தெரிந்தது. அதற்கும் தெரிந்திருக்குமா, தெரியவில்லை.
அப்புறம் புதுசாக ஒன்று, டிக், டிக்,
சுற்றுக்கு ஒன்றல்ல, ஐந்துக்குக் கொஞ்சம் கூட.
உள்வளையம் செதில் விட்டிருக்கிறது.
மாற்றிவிடு என்கிறேன்.
எட்டு நாள் தாங்கும், பத்து தாங்காது.

பில் போட உட்கார்கிறேன்.
அவர்கள் படிவத்தில் ஒரு கட்டம்:
வேலை நடைபெற்ற இடம்.
கடலூர் என்று அடித்தேன். பட்டியலில் இல்லை என்றது.
சோஹார் என்று அடித்தேன். விசா எண் கேட்டது.
இரண்டையும் அழித்தேன்.
வெற்றுக் கட்டத்தில் கர்சர் துடிக்கிறது.
நிமிடத்துக்கு ஐம்பத்தாறு.
கோளாறு எதுவும் இல்லை.